நான்காவது ஆள் காலி செய்யும்போது: ஒப்பந்தம் இல்லாத உள்வாடகைத் தகராறுகள்

சென்னையில் வேளச்சேரி, துரைப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் பேச்சிலர்கள் தங்கியிருக்கும் ஒரு பிளாட்டுக்குப் போய்ப் பாருங்கள். உள்ளே நான்கு பேர் இருப்பார்கள். ஹவுஸ் ஓனரைக் கேட்டால் ஒரு பெயர்தான் சொல்வார். வாடகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவர் அவர் ஒருவர்தான். மற்ற மூவரும் "ரூம்ல ஒரு இடம் காலி இருக்கு, வர்றியா?" என்ற ஒரு போன் பேச்சில் வந்து சேர்ந்தவர்கள். சில வீடுகளில் கையெழுத்துப் போட்டவரே எப்போதோ வேலை மாறிப் பெங்களூரு போயிருப்பார். பத்திரம் மட்டும் அவர் பெயரில் ஓடிக்கொண்டிருக்கும்.

உள்ளே வருவதற்கு ஒரு பையும் ஒரு பாயும் போதும். போகும்போதுதான் கணக்கு ஆரம்பிக்கும்.

நானும் அப்படி ஒரு நான்காவது ஆள்தான். 2022 மார்ச்சில் போனேன், 2023 மே 24 அன்று வெளியே வந்தேன். அட்வான்ஸ் 30,000 ரூபாய், மாதம் 6,000 வாடகை. கழிவு போக அட்வான்ஸில் மீதி கைக்கு வந்து சேர ஆகஸ்ட் ஆகிவிட்டது. அந்த இழுபறியில் தெரிந்துகொண்டதையும், சட்டம் படித்த நண்பர்களிடம் கேட்டுக்கொண்டதையும் முதல்முறை ரூம் மாறுகிறவர்களுக்காக எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. தொகை பெரிது என்றால் ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

முதலில் சொற்களைச் சரிசெய்துகொள்வோம்

நம் ஊரில் "லீஸ்" என்றால் பெரும்பாலும் ஒத்தி என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள். அதாவது ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ மொத்தமாகக் கொடுத்துவிட்டு, வாடகையே இல்லாமல் இரண்டு மூன்று வருடம் இருந்துவிட்டு, கிளம்பும்போது கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்வது. சட்டப் புத்தகத்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. மாத வாடகைக்கு வீடு விடுவதும் அங்கே லீஸ்தான். அதனால் "எனக்கு லீஸ் கிடையாதே" என்று ஒருவர் சொன்னால் எதைச் சொல்கிறார் என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்வது நல்லது.

உள்வாடகை என்பது, ஓனரிடம் வாடகைக்கு எடுத்தவர் அந்த வீட்டை முழுதாகவோ அதில் ஒரு பகுதியையோ இன்னொருவருக்கு விடுவது. எடுத்தவரை இந்தக் கட்டுரையில் முதல் வாடகைதாரர் என்று சொல்கிறேன். பேச்சு வழக்கில் அவரை "வீடு யார் பேர்ல இருக்கோ அவர்" என்பார்கள்.

ஓனர், அவர், நீங்கள் என்று மூன்று பேர் இருப்பதால் இது முக்கோணம் போலத் தோன்றும். ஆனால் ஓனருக்கும் அவருக்கும் ஒரு பேச்சு, அவருக்கும் உங்களுக்கும் இன்னொரு பேச்சு, அவ்வளவுதான். ஓனருக்கும் உங்களுக்கும் நடுவில் எதுவும் இல்லை. மாடிப்படியில் பார்த்தால் "என்னப்பா, சாப்டாச்சா?" என்று கேட்பார், அதனால் உறவு வந்துவிடாது. காலி செய்யும்போது வரும் தகராறுகளில் பாதி, இதை மறந்து ஓனரிடம் போய் அட்வான்ஸ் கேட்பதில்தான் தொடங்குகிறது.

மேன்ஷன், பி.ஜி., ஹாஸ்டல் இதில் சேராது. அங்கே நடத்துகிறவரிடம் நீங்கள் நேரடியாகவே பணம் கட்டுகிறீர்கள்.

உள்வாடகை விடலாமா? தமிழ்நாட்டில், ஓனர் எழுத்தில் சம்மதம் கொடுத்தால் விடலாம். இப்போது நடப்பில் இருக்கும் வாடகைச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் அமலுக்கு வந்தது. அதன் முழுப்பெயர் ஒரு வரிக்கு மேல் போகும், விட்டுவிடுகிறேன். ஓனரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் உள்வாடகை விடக்கூடாது என்று அது சொல்கிறது. மீறினால் அதைக் காரணம் காட்டியே முதல் வாடகைதாரரை வெளியேற்றக் கேட்கலாம். அதற்கு முன்பிருந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே கதைதான். அவர் வெளியேறினால் அவரோடு சேர்ந்து நீங்களும் வெளியே. ஆனால் இதில் நீங்கள் பயந்து ஒளிய ஒன்றும் இல்லை. உள்வாடகைக்கு இருப்பது குற்றமல்ல, உங்கள் இருப்புக்குப் பிடிப்பு குறைவு, அவ்வளவே.

ஓனர்கள் தெரியாத முகங்களைக் கண்டு கடுகடுப்பதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. 2012 பிப்ரவரியில் வங்கிக் கொள்ளையில் சந்தேகிக்கப்பட்ட ஐந்து பேர் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் போலீசால் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதன்பிறகு வாடகைக்கு இருப்பவர்களின் விவரத்தை வீட்டுக்காரர்கள் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று சென்னைப் போலீஸ் உத்தரவு போட்டது. தன் வீட்டில் பெயர் தெரியாத ஓர் ஆள் இருக்கிறான் என்றால் ஓனருக்கு நெஞ்சு படபடப்பதில் அர்த்தம் இல்லாமல் இல்லை.

கையெழுத்து இல்லை, சரி. ஒப்பந்தமும் இல்லையா?

"எங்க எழுதியிருக்கு?" என்ற கேள்வியில்தான் பலர் வாயடைத்துப் போகிறார்கள். எதிலும் எழுதவில்லைதான். ஆனால் 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். இருவரும் ஒப்புக்கொண்டார்கள், பணம் கைமாறியது, ஒருவர் குடிவந்தார் என்றால் ஒப்பந்தம் நடந்துவிட்டது. இருக்கிறதா இல்லையா என்பதில் சிக்கல் இல்லை. என்ன பேசினோம் என்று நிரூபிப்பதில்தான் சிக்கல்.

வீடு வாடகைக்கு விடுவதில் எழுத்தும் பதிவும் எப்போது கட்டாயம் என்பதற்கு 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட காலத்துக்கு என்றால் பதிவு செய்தாக வேண்டும். ஊர் முழுக்க பத்திரங்களில் "பதினோரு மாதம்" என்று எழுதுவதன் ரகசியம் இதுதான். அந்தக் கோட்டைத் தொடாமல் நின்றுகொள்கிறார்கள். காலம் எதுவும் பேசாமல் மாதாமாதம் வாடகை கொடுத்து ஒரு வீட்டில் இருந்தால் அதை மாதவாரி வாடகை என்று அந்தச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. அதை முடிக்க யார் நினைத்தாலும் 15 நாள் முன்னதாக எழுத்தில் சொல்ல வேண்டும். இந்தப் பொதுச் சட்டத்துக்கு மேலே 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வந்து உட்கார்ந்து, எந்த வாடகையானாலும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. நான்காவது ஆள் இதுவரை எங்கே போய்ப் பதிந்தார்?

இன்னொரு நுணுக்கம் உண்டு. ஒரு முழு வீட்டையோ பூட்டுப் போட்ட ஓர் அறையையோ உங்களிடம் விட்டிருந்தால் அது வாடகை போல. இரண்டு கட்டில் போட்ட அறையில் ஒரு கட்டில், பொதுச் சமையலறை, பொது பாத்ரூம் என்றால் அதை அனுமதி என்றுதான் சட்டம் பார்க்க வாய்ப்பு அதிகம். அனுமதி என்பது வாடகையைவிட மெலிந்த உரிமை. அங்கே 15 நாள் கணக்கைவிட, நீங்கள் இருவரும் என்ன பேசினீர்கள் என்பதுதான் முன்னே நிற்கும். "போறதுன்னா ஒரு மாசம் முன்னாடி சொல்லிடு" என்று அவர் சொல்லி, நீங்களும் "சரிண்ணா" என்று தலையாட்டியிருந்தால் அந்த ஒரு மாதம் உங்களைக் கட்டும்.

அப்புறம் சாட்சிக்கு எதைக் காட்டுவது? ஜிபேயைத் திறந்து மேலே தள்ளிக்கொண்டே போங்கள். என்னுடையதில் பதினைந்து மாதம், ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதியை ஒட்டி 6,000 ரூபாய், ஒரே ஆளுக்குப் போயிருந்தது. முதல் மாதத்துக்கு முந்தின வாரம் 30,000. அந்த ஒரு வரிதான் என் பத்திரம். நல்லவேளை, "கேஷா குடுத்துடு" என்று அவர் கேட்டபோது ஏடிஎம்மில் பணம் இல்லாமல் போனது. கையில் கொடுத்திருந்தால் இந்தக் கட்டுரையை வேறு தொனியில் எழுதியிருப்பேன்.

அட்வான்ஸ் இப்போது யாரிடம் இருக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் அட்வான்ஸை மூன்று மாத வாடகையோடு நிறுத்தச் சொல்கிறது. கூடவே, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் சரி என்று ஒரு வழியையும் திறந்துவைத்திருக்கிறது. அதனால் சென்னையில் ஐந்து மாதம், ஆறு மாதம், பழைய பழக்கத்தில் பத்து மாதம் வரைகூடக் கேட்கிறார்கள். எங்கள் வீட்டுக்கு வாடகை 24,000, அட்வான்ஸ் ஐந்து மாதம், 1,20,000. நான்கு பேருக்குத் தலைக்கு 30,000.

இந்த 1,20,000 முதல் நாளே ஓனரிடம் போய்விட்டது. வீடு மொத்தமும் காலியாகும்வரை அவர் அதில் ஒரு பைசா திருப்பித் தர மாட்டார், தர வேண்டியதும் இல்லை. அப்படியென்றால் நான் கொடுத்த 30,000? அது எனக்கு முன்னால் அந்தக் கட்டிலில் படுத்திருந்தவருடைய கைக்குப் போனது. அவர் கொடுத்தது அவருக்கு முன்னால் இருந்தவருக்கு. ஒரே முப்பதாயிரம் ஆள் மாற்றி ஆள் கை மாறிக்கொண்டே இருக்கிறது. முதல் வாடகைதாரர் நடுவில் நின்று வாங்கிக் கொடுக்கிறார். அவர் பையில் தனியாக எடுத்துவைத்த பணம் என்று எதுவும் கிடையாது.

அதனால்தான் "உன் இடத்துக்கு ஆள் வரட்டும், உடனே தந்துடறேன்" என்ற பதில் வருகிறது. பல நேரம் அது ஏமாற்றும் எண்ணத்தில் சொல்வதல்ல, உண்மையிலேயே அவரிடம் பணம் இல்லை. ஆனால் அவரிடம் இல்லாதது உங்கள் பொறுப்பு அல்ல. நீங்கள் பணம் கொடுத்தது அவரிடம், திருப்பித் தர வேண்டியவரும் அவரே. ஆள் கிடைத்தால்தான் திருப்பித் தருவேன் என்று ஆரம்பத்தில் பேசியிருந்தால் அது வேறு. பேசவில்லையென்றால், காலி செய்தபின் நியாயமான காலத்துக்குள் கொடுத்தாக வேண்டும். எவ்வளவு நாள் நியாயம்? ஓனர்-வாடகைதாரருக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருப்பது காலி செய்ததிலிருந்து ஒரு மாதம். பதிவில்லாத நம் ஏற்பாட்டுக்கு அது நேராகப் பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. ஆனாலும் "ஒரு மாதம்" என்று பேச அது ஒரு நல்ல பிடி.

இதில் நிஜமான ஆபத்து இன்னொன்று. முதல் வாடகைதாரர் உங்களிடம் வாடகை வாங்கிக்கொண்டு ஓனருக்குக் கட்டாமல் விட்டால், ஓனர் பாக்கியை அந்த 1,20,000-இல் கழித்துக்கொள்வார். அதில் உங்கள் பங்கும் கரையும். ஓனரைக் கேட்டால் "உன்னை யாருன்னே எனக்குத் தெரியாதேப்பா" என்பார், அவர் சொல்வதும் உண்மை. மாதத்துக்கு ஒருமுறை "ஓனருக்குப் போட்டாச்சாண்ணா? ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்க" என்று குரூப்பில் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் கணக்கு

காலி செய்யப்போவதாக மே 4 அன்று சொன்னேன், மே 24 அன்று கிளம்பினேன். மே வாடகையை முழுதாகக் கட்டிவிட்டேன். ஜூன் 11 அன்று என் இடத்துக்குப் புதுப் பையன் ஒருவன் வந்துவிட்டான். ஜூலை முதல் வாரத்தில் அண்ணனிடமிருந்து, அதாவது எங்கள் முதல் வாடகைதாரரிடமிருந்து, கணக்கு வந்தது: பெயின்டிங் 6,000, ஒரு மாதம் முன்பே சொல்லாததற்கு ஜூன் வாடகை 6,000, கரண்ட் 1,115, கிளீனிங் 500. மொத்தக் கழிவு 13,615. "மீதி 16,385 போட்டுடறேன் தம்பி."

கோபத்தில் முதலில் போனை வைத்துவிட்டேன். பிறகு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். மொத்தத் தொகையைப் பார்த்து மொத்தமாகச் சண்டை போட்டால் எதுவும் நகராது.

கரண்டிலிருந்து ஆரம்பித்தேன், கணக்குப் போட அது சுலபம். நம் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங் எடுக்கிறது. நடுவில் காலி செய்கிறவருக்குத் தன் பங்கு எவ்வளவு என்று கிளம்பும் நாளில் தெரியவே தெரியாது. மே, ஜூன் பில் 4,460 ரூபாய், 60 நாளுக்கு. அண்ணன் அதை நான்கால் வகுத்து 1,115 என்று எழுதியிருந்தார். ஆனால் நான் அந்த 60 நாளில் இருந்தது 24 நாள். மூன்று பேர் முழு 60 நாளும், ஆக 180. புதுப் பையன் 19 நாள். கூட்டினால் 223 நாள். 4,460-ஐ 223-ஆல் வகுத்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 20 ரூபாய். என் பங்கு 480. விசாரித்ததில் புதுப் பையனிடமும் 1,115 கேட்டிருக்கிறார். ஒரே கட்டிலுக்கு இரண்டு பங்கு! ஏசி யார் எவ்வளவு போட்டார்கள், நூறு யூனிட் இலவசம் யார் கணக்கில் என்றெல்லாம் இறங்கினால் முடிவே வராது. ஆள்-நாள் கணக்கு முழுச் சரி இல்லை, ஆனால் எல்லோரும் ஒப்புக்கொள்ளக்கூடியது.

இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. கிளம்பும் அன்று மீட்டரை போட்டோ எடுத்து குரூப்பில் போட்டுவிடுங்கள். எனக்கு இது அப்போது தோன்றவில்லை.

அடுத்து ஜூன் வாடகை. ஒரு மாதம் முன்பே சொல்ல வேண்டும் என்று முதலிலேயே பேசியிருந்தோம், நான் சொன்னது 20 நாள் முன்பு. தப்பு என்னுடையது. ஆனால் தப்புக்கு அபராதம் எவ்வளவு? ஒப்பந்தச் சட்டம் பார்ப்பது உண்மையில் எவ்வளவு நஷ்டம் என்பதைத்தான். நஷ்டத்தைக் குறைக்க அவரும் நியாயமாக முயன்றிருக்க வேண்டும் என்றும் எதிர்பார்க்கிறது. ஜூன் 11 முதல் புதுப் பையன் வாடகை கட்டுகிறான். காலியாகக் கிடந்தது பத்து நாள். ஒரு நாளைக்கு 200 என்றால் 2,000. அதை நான் ஒப்புக்கொண்டேன். இரண்டு பேரிடம் ஒரே நாளுக்கு வாடகை வாங்க முடியாது என்பதை மட்டும் சொன்னேன்.

பெயின்டிங்தான் பெரிய தலைவலி. சென்னையில் வீட்டைக் காலி செய்தால் ஒரு மாத வாடகையைப் பெயின்டிங்குக்குப் பிடிப்பது எழுதாத சட்டம் மாதிரி ஆகிவிட்டது. முழு வீடும் காலியாகி ஓனர் பிடித்தால்தான் அந்தச் செலவே வருகிறது. இங்கே மூன்று பேர் இன்னும் அதே சுவரில் சாய்ந்துகொண்டு இருக்கிறார்கள். யாரும் பெயின்ட் அடிக்கவில்லை. ஆனால் அண்ணன் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது: என்றைக்காவது ஓனர் மொத்தமாக 24,000 பிடிக்கும்போது நான் அங்கே இருக்க மாட்டேன். சாதாரணமாகப் புழங்கியதில் மங்கும் சுவருக்கு வாடகைதாரர் பணம் கொடுக்கத் தேவையில்லை, ஆணி அடித்த ஓட்டைக்கு, உடைத்த கண்ணாடிக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று வாதாடியிருக்கலாம். எனக்கு அந்த அளவுக்குத் தெம்பில்லை. 1,500-க்கு முடித்துக்கொண்டோம். அது சட்டமும் இல்லை, கணக்கும் இல்லை, பேரம்.

கிளீனிங் 500-ஐ அவரே விட்டுவிட்டார். 30,000-இல் 480, 2,000, 1,500 போக 26,020. ஜூலையில் 13,000, ஆகஸ்டில் 13,000 என இரண்டு தவணையில் வந்தது. அந்த இருபது ரூபாயை இன்னும் நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

கடைசி மாத வாடகையைக் கட்டாமல் விடலாமா?

"அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டுக் கடைசி இரண்டு மாதம் வாடகை தராமல் இருப்பது நிறையப் பேர் செய்வது. நடைமுறையில் இதுதான் உங்கள் பணத்துக்குச் சிறந்த பாதுகாப்பு. 30,000-இல் 12,000 ஏற்கனவே உங்கள் கைக்கு வந்த மாதிரி. ஆனால் அவர் சம்மதம் இல்லாமல் செய்தால் "இவன் வாடகை பாக்கி வெச்சவன்" என்று கதை திரும்பிவிடும். ஓனருக்கு அவர் மாதாமாதம் 24,000 கட்டியாக வேண்டும் என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். கேட்டு, அவர் "ஓகே" என்று மெசேஜில் சொன்னபின் செய்தால் இதைவிடச் சுத்தமான வழி வேறில்லை.

சொல்வதை எல்லாம் போனில் சொல்லாமல் எழுதி அனுப்புங்கள். அலங்காரம் வேண்டாம், இந்த மாதிரி இருந்தால் போதும்:

"அண்ணா, நேத்து பேசினபடி மே 31 அன்னிக்கு ரூம் காலி பண்றேன். 2022 மார்ச்ல உங்களுக்கு ஜிபேல அனுப்பின அட்வான்ஸ் 30,000. மே வரைக்கும் வாடகை கட்டியாச்சு. கரண்ட் பில் வந்ததும் என் நாளுக்கு உண்டானதைக் கழிச்சுட்டு மீதியை ஜூன் 30-க்குள்ள போட்டுடுங்க. சாவியை யார்கிட்ட குடுக்கட்டும்?"

இதில் தேதி, தொகை, எந்த வழியில் கொடுத்தீர்கள், எப்போது திருப்பி வேண்டும் எல்லாம் வந்துவிட்டது. முக்கியமாகக் கடைசிக் கேள்வி. அதற்கு அவர் "பக்கத்து ரூம்ல குடுத்துடு" என்று ஒரு பதில் போட்டாலே, மேலே எழுதியதை எல்லாம் அவர் படித்தார், மறுக்கவில்லை என்பதற்கு ஒரு தடயம் கிடைத்துவிடுகிறது. சாவியைக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். அட்வான்ஸ் வரும்வரை சாவி என் கையில் இருக்கட்டும் என்று நினைப்பது இயல்புதான், ஆனால் "அவன் காலியே பண்ணலை, வாடகை ஓடிட்டிருக்கு" என்று சொல்ல அது இடம் கொடுத்துவிடும்.

மெசேஜ்கள் கோர்ட்டில் செல்லுமா என்றால், செல்லும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்திலும் மின்னணுப் பதிவுகளுக்கு இடம் உண்டு, அதற்குரிய சான்றிதழோடு தர வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்துவிட்டுப் பழைய போனை விற்றுவிடாதீர்கள். பேச்சு மொத்தத்தையும் ஏற்றுமதி செய்து மெயிலில் போட்டுவையுங்கள்.

பேச்சில் முடியாவிட்டால்

பலர் முதலில் ஓடுவது போலீஸ் ஸ்டேஷனுக்கு. அங்கே "இது சிவில் மேட்டர்பா, கோர்ட்டுக்குப் போ" என்பார்கள். பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரி. வாங்கிய பணத்தைத் திருப்பித் தராதது மட்டுமே மோசடி ஆகிவிடாது. ஆனால் மிரட்டினார், அடித்தார், உங்கள் பெட்டியையோ லேப்டாப்பையோ அசல் சான்றிதழ்களையோ பூட்டிவைத்துக்கொண்டார் என்றால் போலீசுக்குப் போகலாம், போகவும் வேண்டும். புகார் கொடுத்தால், அதைப் பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சியான சி.எஸ்.ஆர். ரசீதைக் கேட்டு வாங்குங்கள். அந்தச் சின்னத் தாளுக்கே சில நேரம் எதிராளி இறங்கி வந்துவிடுவார்.

2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாடகை அதிகாரி, வாடகை நீதிமன்றம் எல்லாம் எழுத்து ஒப்பந்தத்தையும் பதிவையும் நம்பி அமைந்தவை. நான்காவது ஆளுக்கு அந்தக் கதவு லேசில் திறக்காது. அவருக்கு இருப்பது சாதாரணமாகக் கடன் பாக்கியை வசூலிப்பது போன்ற பண வழக்கு. அதற்குக் காலக்கெடு பொதுவாக மூன்று வருடம். 30,000 ரூபாய்க்கு வழக்குப் போட்டு வருடக்கணக்கில் அலைய யாருக்கும் மனம் வராது. அதனால் முதலில் வக்கீல் நோட்டீஸ், அதோடு பாதி விஷயம் முடிந்துவிடும்.

நிறையப் பேருக்குத் தெரியாத ஓர் இடம் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெரும்பாலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்தை ஒட்டி இருக்கும். வழக்குப் போடும் முன்பே அங்கே மனு கொடுக்கலாம். இருவரையும் கூப்பிட்டுப் பேசி, ஒத்துவந்தால் மக்கள் நீதிமன்றத்தில் தீர்ப்பாக எழுதிவிடுவார்கள். அந்தத் தீர்ப்புக்குக் கோர்ட் தீர்ப்பின் பலம் உண்டு, மேல்முறையீடு கிடையாது. கோர்ட் கட்டணமும் இல்லை. 15100 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் வக்கீலையே இலவசமாக அமர்த்தித் தருவார்கள்.

ஓனரிடம் போட்டுக்கொடுத்துவிடுவேன் என்று மிரட்டும் ஆயுதம் ஒன்றும் நம் கையில் இருக்கிறது. சம்மதமில்லாத உள்வாடகை என்பதால் அது முதல் வாடகைதாரருக்கு வலிக்கும். நான் அதை எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எனக்குப் பணம் வந்ததோ இல்லையோ, எந்த வம்புக்கும் போகாத மற்ற இரண்டு பேரும், பெட்டியைக் கூடப் பிரிக்காத புதுப் பையனும் தெருவுக்கு வந்திருப்பார்கள்.

எதிர்ப்பக்கம்: உங்களை வெளியே போகச் சொன்னால்

இதுவரை நீங்களாகக் கிளம்புவதைப் பற்றித்தான் பேசினோம். "நாளைக்குள்ள காலி பண்ணு, என் மச்சான் வர்றான்" என்று அவர் சொன்னால்? எழுத்தில் ஒப்பந்தம் இல்லை என்பதற்காக ராத்திரியோடு ராத்திரியாகப் பூட்டை மாற்றி, பையை வெளியே வைக்க யாருக்கும் அதிகாரம் கிடையாது. குடியிருப்பவரைச் சட்டப்படி இல்லாமல் வலுக்கட்டாயமாக வெளியேற்றினால், ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இருப்பிடத்தைத் திரும்பக் கேட்க 1963-ஆம் ஆண்டின் குறிப்பிட்ட தீர்வுச் சட்டத்தில் (Specific Relief Act) 6-ஆம் பிரிவு இருக்கிறது. உரிமை யாருக்கு என்ற கேள்விக்கே அங்கே போக மாட்டார்கள், யார் குடியிருந்தார், எப்படி வெளியேற்றப்பட்டார் என்பதைத்தான் பார்ப்பார்கள். ஒரே ஒரு கட்டிலுக்கு அனுமதியில் இருந்தவருக்கு இது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை வக்கீலிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். தண்ணீரை நிறுத்துவது, ப்யூஸைப் பிடுங்குவது எல்லாம் ஓனரே தன் வாடகைதாரருக்குச் செய்யக்கூடாத வேலைகள் என்று வாடகைச் சட்டத்திலேயே இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு நடைமுறை யோசனை. அப்படிச் சொல்லும் நாளில் பேரம் உங்கள் பக்கம் இருக்கிறது. அவருக்கு அவசரம், உங்களுக்கு இல்லை. "அட்வான்ஸை முழுசா போடுங்கண்ணா, அன்னிக்கே கிளம்பறேன்" என்று சொல்லலாம்.

போன வருடம் ஒரு சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. என் கட்டிலுக்கு வந்த அந்தப் பையன். அவனும் காலி செய்கிறானாம், அண்ணன் பெயின்டிங் 6,000 என்கிறாராம். "நீங்க இருக்கும்போது பெயின்ட் அடிச்சாங்களாண்ணா?" என்று கேட்டான். சுவர் எந்த நிறம் என்று கேட்டேன். இளம்பச்சை, ஜன்னலுக்குக் கீழே ஒரு எண்ணெய்க் கறை என்றான். அந்தக் கறை என்னுடையது. குரூப்பில் நான் போட்ட பழைய போட்டோவைத் தேடி அவனுக்கு அனுப்பினேன்.